ரயில்வேயில் ஓய்வுபெற்ற அப்பாவின் பாஸ்: எத்தனை செட், யார் கூடப் போகலாம், அம்மாவுக்கு என்ன கிடைக்கும்?

நீங்கள் கேட்டது இதுதான். அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 1985-ல் வேலைக்குச் சேர்ந்து 2016-ல் சீனியர் டெக்னீஷியனாக ஓய்வுபெற்றவர். இப்போது வயது 69, அம்மாவுக்கு 64. ஓய்வுபெற்ற புதிதில் இலவசப் பயணத்துக்கான பாஸ் எடுத்து ஊர் போய்வந்தார்கள். ஆபீஸில் தாள் பாஸ் நின்று எல்லாம் ஆன்லைன் என்று ஆனதும் "நமக்கு எதுக்கு இந்த வம்பு" என்று விட்டுவிட்டார். இப்போது அம்மா காசிக்குப் போக வேண்டும் என்கிறார். எத்தனை பாஸ் கிடைக்கும், பெங்களூரில் இருக்கும் நீங்கள் அந்தப் பாஸில் கூடப் போகலாமா, எப்படி எடுப்பது, அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்கு உண்டா?

ரயில்வே ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பெர்சனல் பிராஞ்சில் பாஸ் செக்‌ஷனில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான்கு கேள்விகளில் கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது. பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் கேட்பதே இல்லை, கேட்கும்போது காலம் கடந்திருக்கும். நீங்கள் இப்போதே கேட்டது நல்லது.

முதலில் எண்ணிக்கை. 1986-ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் பாஸ் விதிகளின்படி, ஓய்வுக்குப் பிறகு பாஸ் பெறக் குறைந்தது 20 வருட சர்வீஸ் வேண்டும். அப்பாவைப் போல அதிகாரி நிலைக்குக் கீழே உள்ள குரூப் சி ஊழியர் என்றால் 20-லிருந்து 25 வருடத்துக்குள் சர்வீஸ் உள்ளவருக்கு வருடத்துக்கு ஒரு செட், 25-ம் அதற்கு மேலும் என்றால் இரண்டு செட். அதிகாரிகளுக்கு இதே இரண்டு வரம்புகளில் இரண்டு, மூன்று. அப்பாவுக்கு 31 வருடம், ஆகவே வருடத்துக்கு இரண்டு செட். ஒரு செட் என்றால் போகவும் வரவும் சேர்ந்தது. பணியில் இருந்தபோது அவருக்கு வருடத்துக்கு மூன்று செட் பாஸும், மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தில் போகும் பி.டி.ஓ.வும் இருந்திருக்கும். பி.டி.ஓ. ஓய்வோடு முடிந்துவிடும். நாலு வருடத்துக்கு ஒருமுறை பாஸை விட்டுக்கொடுத்து விடுமுறைப் பயணச் சலுகையான எல்.டி.சி. எடுக்கும் வசதியும் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

வருடம் என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. அந்த வருடத்துக்கான செட்டை எடுக்காவிட்டால் அது போனதுதான். அடுத்த வருடத்துக்குச் சேர்த்து வைக்க முடியாது, பணமாகவும் தர மாட்டார்கள். அப்பா எடுக்காமல் விட்ட வருடங்களுக்காக இப்போது ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதனால் உரிமை ரத்தாகிவிடவில்லை. "ரொம்ப நாளா எடுக்கல, இனிமே குடுக்க மாட்டாங்க" என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. இந்த வருடம் விண்ணப்பித்தால் இந்த வருடத்து இரண்டு செட்டும் அவருடையது.

எந்த வகுப்பு என்பது ஓய்வுபெற்ற நாளில் இருந்த சம்பள நிலையை வைத்து. சீனியர் டெக்னீஷியன் என்றால் 4200 கிரேடு பே, ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு லெவல் 6. அது முதல் வகுப்பு பாஸுக்கு உரிய நிலை. எந்த வண்டியில் எந்தப் பெட்டி என்பதை முன்பதிவின்போது சிஸ்டமே காட்டிவிடும். அதனால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஓய்வுக்குப் பிறகு பதவி உயர்வோ, பதவி உயர்வு கிடைக்காதவருக்குத் தரும் சம்பள உயர்வான எம்.ஏ.சி.பி.யோ முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டிருந்தால், பென்ஷன் மாறியிருக்கும், பாஸ் கணக்கில் பழைய வகுப்பே கிடக்கும். இரண்டும் தனித்தனிப் பதிவு. திருத்திய பென்ஷன் உத்தரவின் (பி.பி.ஓ.) நகலைக் கொடுத்துக் கேட்டால்தான் மாறும்.

இன்னொரு அடிப்படை விஷயம். ரயில்வே சட்டத்தின்படி பாஸ் என்பது பயணம் செய்ய ஒருவருக்குத் தரப்படும் அனுமதி. அது டிக்கெட் அல்ல. ரிசர்வ் செய்யும் பெட்டியில் போக, பாஸை வைத்து முன்பதிவு செய்து பி.என்.ஆர். வாங்கியாக வேண்டும். பாஸ் கையில் இருக்கிறது என்று நேராக ஏ.சி. பெட்டியில் ஏறி டி.டி.ஈ.யிடம் வாக்குவாதம் செய்யும் பெரியவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். முப்பது வருடம் உழைத்தவர் பெட்டியில் நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டிய தேவையே இல்லை. ஒரு முன்பதிவு போதும்.

அடுத்து, நீங்கள் கூடப் போகலாமா? பாஸில் குடும்பம் என்றால் யார் யார் என்பதை விதி தெளிவாகச் சொல்கிறது. கணவன் அல்லது மனைவி. 21 வயதுக்கு உட்பட்ட, சார்ந்திருக்கும் மகன். 21 தாண்டியும் உண்மையாகவே படித்துக்கொண்டிருக்கும் மகன். உடல்நிலை காரணமாக வேலைக்குப் போக இயலாத மகன் என்றால் ரயில்வே டாக்டரின் சான்றிதழோடு எந்த வயதிலும். கல்யாணமாகாத மகளுக்கு வயது வரம்பு இல்லை. சார்ந்திருக்கும் விதவை மகளும், சட்டப்படி விவாகரத்தான மகளும் உண்டு. வேலைக்குப் போய்க் குடும்பமும் ஆகிவிட்ட மகன் இதில் வர மாட்டார். கல்யாணமான மகளும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வர மாட்டார்கள். ஆக, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போகும் பயணத்தில் நீங்கள் சொந்த டிக்கெட்டில்தான் போக வேண்டும்.

முதல் வகுப்பு பாஸில் அட்டெண்டெண்ட் ஒருவரை இரண்டாம் வகுப்பில் அழைத்துப் போக வழி இருக்கிறதே, அதில் என் பெயரைப் போடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. அட்டெண்டெண்ட் என்றால் அந்த ஊழியரின் வீட்டில் சம்பளத்துக்கு முழுநேர வேலை செய்பவர் என்பது விதியின் பொருள். மகனையோ மருமகனையோ அப்படிக் காட்டினால் அது பாஸ் துஷ்பிரயோகம். பிடிபட்டால் கட்டணமும் அபராதமும் மட்டுமல்ல, அப்பாவின் பாஸ் உரிமையையே நிறுத்தி வைக்க முடியும். ஒருமுறைப் பயணக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய் வாழ்நாள் உரிமையைப் பணயம் வைக்காதீர்கள்.

நேர்மையான வழி வேறு இருக்கிறது. 65 வயது தாண்டிய ஓய்வூதியர் குடும்பத்தார் யாரும் இல்லாமல் தனியாகப் போகிறார் என்றால், அட்டெண்டெண்டுக்குப் பதிலாகத் தன்னோடு அதே வகுப்பில் ஒரு துணையாளை அழைத்துப் போக நிபந்தனைகளோடு இடம் தரப்பட்டிருக்கிறது. துணையாள் மகனாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அம்மா கூட வந்தால் இந்த வசதி கிடையாது, ஏனென்றால் அம்மாதான் துணை. அப்பா மட்டும் ஆஸ்பத்திரிக்கோ சொந்த ஊருக்கோ போகும்போது இது உதவும். விண்ணப்பிக்கும்போதே துணையாளின் பெயரையும் வயதையும் சேர்க்க வேண்டும். பாஸ் வந்தபிறகு சேர்க்க முடியாது.

இப்போது ஆன்லைன் விஷயம். அப்பா பயந்தது இதற்குத்தான், ஆனால் பழைய முறையைவிட இது உண்மையிலேயே நல்லது. முன்பெல்லாம் விண்ணப்பத் தாளை எடுத்துக்கொண்டு தான் ஓய்வுபெற்ற ஆபீஸுக்கே வர வேண்டும். பாஸ் கிளார்க் லீவு என்றால் மறுநாள். தென்காசியில் குடியிருப்பவர் ஒரு பாஸுக்காகத் திருச்சிக்கு இரண்டு நடை நடந்த காலம் அது. 2020 ஆகஸ்ட் 24-ல் ரயில்வே ஊழியர் விவரங்களுக்கான எச்.ஆர்.எம்.எஸ். என்ற இணையதளத்தில் இ-பாஸ் வந்தது. ரயில்வேயின் கணினி நிறுவனமான கிரிஸ்தான் இதைச் செய்தது. செல்பேசி ஆப்பும் இருக்கிறது. இப்போது வீட்டிலிருந்தபடியே விண்ணப்பித்து, வீட்டிலிருந்தபடியே முன்பதிவும் செய்துகொள்ளலாம்.

நடைமுறை இப்படிப் போகும். உள்ளே நுழைந்து ஓய்வுக்குப் பிந்தைய பாஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புறப்படும் ஸ்டேஷன், சேரும் ஸ்டேஷன், எந்த வழி, நடுவில் எங்கெங்கே இறங்குவீர்கள், குடும்பத்தில் யார் யார் வருகிறார்கள் என்பதைக் குறிக்க வேண்டும். பாஸ் ஒப்புதல் ஆனதும் யு.பி.என். என்ற தனி எண் செல்பேசிக்கு வரும். அந்த எண்ணைக் கொண்டு ஐ.ஆர்.சி.டி.சி.யிலும் முன்பதிவு செய்யலாம், ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுண்டரிலும் செய்யலாம். இரண்டிலும் ஓ.டி.பி. வரும், அது பதிவான செல்பேசிக்குத்தான் வரும். ஐ.ஆர்.சி.டி.சி.யில் பயணக் கட்டணம் இல்லை, அவர்களுடைய சேவைக் கட்டணம் மட்டும் உண்டு.

அந்த ஓ.டி.பி. விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "பென்ஷன் ஆபீஸ்லருந்து பேசறோம், பாஸ் ரெனியூவல்" என்று போன் வந்தால் வைத்துவிடச் சொல்லுங்கள். பாஸுக்கு ரெனியூவல் என்று எதுவும் கிடையாது. எந்த ஆபீஸும் ஓ.டி.பி. கேட்காது.

பெரும்பாலானோர் தடுமாறுவது உள்ளே நுழையும் கட்டத்தில்தான். அப்பா ஓய்வுபெற்றது இ-பாஸ் வருவதற்கு நாலு வருடம் முன்பு. அவருடைய விவரம் தளத்தில் ஏற்றப்படாமலே இருக்கலாம், அல்லது அவர் பணியில் இருந்தபோது வைத்திருந்த பழைய செல்பேசி எண்ணோடு இருக்கலாம். அப்படியானால் எத்தனை முறை முயன்றாலும் ஓ.டி.பி. யாரோ ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும். இதற்கு ஒரே வழி அவர் ஓய்வுபெற்ற ஒர்க்‌ஷாப்பின் பெர்சனல் ஆபீஸ். ஒருமுறை நேரில் போய்விடுங்கள். பி.பி.ஓ. நகல், ரிட்டையர்டு ஐ.டி. கார்டு, அப்பா அம்மா இருவரின் ஆதார், பான், போட்டோ, பாங்க் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருப்பார், அவரைப் பாருங்கள். ஓய்வூதியருக்கு உதவுவது அவர் வேலையில் ஒரு பகுதி. அதிகாரியைப் பார்க்க வரிசையில் நிற்பதைவிட இவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்தால் காரியம் முடியும்.

ஐ.டி. கார்டு என்று நான் சொன்னது ரிட்டையர்டு ஊழியர் அடையாள அட்டை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் உமிட் கார்டு வேறு. அது மருத்துவத்துக்கு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பலர் அடையாள அட்டையை வாங்காமலே இருந்துவிடுகிறார்கள்.

காசிப் பயணத்தை வைத்தே பாஸ் எடுப்பதைச் சொல்கிறேன். திருச்சியிலிருந்து வாரணாசி. வழி சென்னை, பிரயாக்ராஜ். பாஸ் கேட்கும்போது வெறுமனே "திருச்சி–வாரணாசி" என்று மட்டும் போட்டுவிட்டால், பிறகு அம்மா "திரிவேணி சங்கமத்துல ஒரு நாள் இருந்து குளிச்சிட்டுப் போலாமே" என்றால் முன்பதிவு இடிக்கும். ஆகவே இறங்கும் ஸ்டேஷன்களில் சென்னையையும் பிரயாக்ராஜையும் விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். அப்போது ஒரே யு.பி.என்.னில் திருச்சி–சென்னை ஒன்று, சென்னை–பிரயாக்ராஜ் ஒன்று, பிரயாக்ராஜ்–வாரணாசி ஒன்று எனத் துண்டுதுண்டாக முன்பதிவு செய்யலாம். சென்னையில் உறவினர் வீட்டில் இரண்டு நாள், பிரயாக்ராஜில் ஒரு நாள், பிறகு காசி. திரும்பி வரும்போதும் அதே மாதிரி. வயதானவர்களுக்கு இரண்டு இரவை ஒரே மூச்சில் கடப்பதைவிட இது எவ்வளவோ மேல். பாஸின் உண்மையான அருமை இப்படி நடுவில் இறங்கிப் போகும் வசதியில்தான் இருக்கிறது, பாதிப் பேர் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

நேர்வழியைவிடக் கொஞ்சம் சுற்றுவழியாகவும் போகலாம். கூடுதல் தூரம் நேர்வழியின் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். போகிற வழியில் இன்னொரு கோயிலூரைச் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது பயன்படும். தூரத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் 120 நாள் என்பதைக் குறைத்துவிட்டார்கள். வட இந்திய வண்டிகளில் இடம் சீக்கிரம் நிரம்பும். அதனால் பாஸை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே போட்டுவிடுங்கள். பாஸின் செல்லுபடித் தேதி அதிலேயே அச்சாகியிருக்கும். திரும்பும் பயணமும் அந்தத் தேதிக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போடும்போதும் முழுக்க வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்து ஏறக் கூடாது. ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம். வெயிட்டிங் லிஸ்ட் இறங்காது போலிருந்தால் இ.க்யூ. என்ற அவசர ஒதுக்கீடு கேட்டு, கோட்ட மேலாளரின் டி.ஆர்.எம். ஆபீஸில் கடிதம் கொடுக்கலாம். ஓய்வுபெற்றவர் என்று எழுதி, பி.என்.ஆர். போட்டு, அடையாள அட்டை நகலை இணைக்க வேண்டும். கிடைக்கும் என்ற உறுதி இல்லை, கேட்பதில் தவறும் இல்லை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். 2020 மார்ச் 20-ஆம் தேதியோடு ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகை நிறுத்தப்பட்டது. அதுவரை 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணத்தில் குறைப்பு இருந்தது. அது திரும்ப வரவில்லை. ஆகவே பாஸ் இல்லாமல் போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் உங்கள் அப்பா அம்மா முழுக் கட்டணம் கட்டுகிறார்கள். பாஸை விட்டுவிடுவதன் இழப்பு முன்பைவிடப் பெரிது.

பாஸ் குறைந்துபோகும் ஒரு சந்தர்ப்பத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு இது பொருந்தாமல் இருக்கலாம், அப்பாவின் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். ஓய்வுபெற்றபின் ரயில்வே குவார்ட்டர்ஸைச் சாதாரண வாடகையில் நாலு மாதம் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் படிப்பு, நோய் போன்ற காரணம் காட்டி அனுமதி வாங்கினால் கூடுதல் வாடகையில் இன்னும் நாலு மாதம். அதற்குப் பிறகும் காலி செய்யாமல் இருந்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு செட் பாஸ் வெட்டப்படும். பத்து மாதம் கூடுதலாக இருந்துவிட்டவருக்குப் பத்து செட் போகும். வருடத்துக்கு இரண்டு செட் என்றால் ஐந்து வருடத்துக்குப் பாஸே இல்லை. வெட்டுவதற்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் இருப்பதுதான் பலர் செய்வது. வீடு கட்டி முடியவில்லை, மகள் கல்யாணம் என்ற காரணங்கள் மனிதர்களுக்குப் புரியும், கணக்குக்குப் புரியாது. எழுத்தில் இருந்தால் மட்டுமே யாராவது பரிசீலிக்க முடியும்.

இனி அம்மாவின் விஷயம்.

1987 மார்ச் 12 முதல் விதவைப் பாஸ் திட்டம் இருக்கிறது. ஊழியருக்குக் கிடைத்த ஓய்வுக்காலப் பாஸில் பாதி, அவருக்குப் பிறகு மனைவிக்கு. அப்பாவுக்கு வருடத்துக்கு இரண்டு செட் என்பதால் அம்மாவுக்கு வருடத்துக்கு ஒரு செட். ஒரு செட் மட்டும் இருந்தவரின் மனைவிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு செட். ஊழியர் பெண்ணாக இருந்து கணவர் உயிரோடு இருந்தால் அவருக்கும் இது உண்டு. பணியில் இருக்கும்போதே இறந்தவரின் மனைவிக்கும் உண்டு. அப்பாவின் அதே வகுப்பில்தான் அம்மா போவார்.

உங்கள் அப்பா 1985-ல் சேர்ந்தவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1987 மார்ச் 12-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் தானாகவே இந்தத் திட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். அதற்கு முன்பே பணியில் இருந்தவர்களிடம் விருப்பம் கேட்கப்பட்டது. அப்பா அன்று விருப்பம் கொடுத்தாரா என்பது சர்வீஸ் ரிஜிஸ்டரில் இருக்க வேண்டும். பெர்சனல் ஆபீஸுக்குப் போகும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள். பதிவு இருந்தால் நகல் வாங்கி வீட்டில் வையுங்கள். இல்லையென்றால் அப்பா கையெழுத்துப் போட முடிகிற இன்றைக்கே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். அவர் இருக்கும்போது ஒரு கடிதத்தில் முடிகிற காரியம், அவர் இல்லாதபோது அம்மா பல படிகள் ஏறி இறங்கும் காரியமாகிவிடும்.

அடுத்தது பெயர். பாஸ் செக்‌ஷனில் நான் பார்த்ததில் பாதிக்கு மேற்பட்ட சிக்கல் நம் ஊர்ப் பெண்களின் இனிஷியலில்தான். அப்பாவின் சர்வீஸ் ரிஜிஸ்டரில் "சரோஜா" என்று மட்டும் இருக்கும். பி.பி.ஓ.வில் "ஆர். சரோஜா", அது கணவர் இனிஷியல். ஆதாரில் அவருடைய அப்பா இனிஷியலோடு "கே. சரோஜா". பாங்கில் "சரோஜா ராமசாமி". நான்கும் ஒரே பெண் என்பது தெருவுக்கே தெரியும், ஃபைலுக்குத் தெரியாது. பிறந்த தேதியும் அப்படித்தான். கல்யாணத்தின்போது தோராயமாகச் சொன்ன வயது ஒரு தாளிலும், ரேஷன் கார்டு எடுத்தபோது சொன்னது இன்னொன்றிலும் இருக்கும். கணவர் உயிரோடு இருந்தால் "இவர் என் மனைவிதான்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் திருத்திவிடலாம். அவர் போனபின் வாரிசுச் சான்றிதழ், ஒரே நபர் என்ற சான்று, நோட்டரி பத்திரம் என்று அலைய வேண்டும். துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணை இப்படி அலைய விடுவது எனக்கு எப்போதுமே பொறுக்காது. எச்.ஆர்.எம்.எஸ்.ஸில் குடும்ப விவரம் என்ற பக்கத்தைத் திறந்து அம்மாவின் பெயர், பிறந்த தேதி, போட்டோ மூன்றும் ஆதாரோடு பொருந்துகிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

மூன்றாவது, குடும்பப் பென்ஷன் வர ஆரம்பித்துவிட்டால் பாஸும் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை. அது தவறு. பென்ஷன் கணக்குப் பிரிவும் பாங்கும் சேர்ந்து நடத்தும் விஷயம். பாங்கில் இறப்புச் சான்றிதழ் கொடுத்தால் குடும்பப் பென்ஷன் மாறிவிடும். பாஸ் பெர்சனல் பிராஞ்சின் விஷயம். அங்கே தனியாக விண்ணப்பம் கொடுத்து, இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ., ஆதார், போட்டோ இணைத்து, அம்மா பெயரில் புதுக் கணக்கு திறக்க வேண்டும். அம்மாவுக்குத் தனி அடையாள அட்டை வாங்க வேண்டும். அவருடைய சொந்தச் செல்பேசி எண்ணைப் பதிய வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் பிள்ளைகள் தங்கள் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை வெளிநாடு போய் எண் மாறினால் அம்மாவின் பாஸ் முடங்கிவிடும். சாதாரண பட்டன் போனாக இருந்தாலும் சரி, ஓ.டி.பி. குறுஞ்செய்தியாகத்தான் வருகிறது, அம்மாவின் எண்ணையே கொடுங்கள்.

குடும்பப் பென்ஷன் பத்து வருடமாக வாங்கிக்கொண்டு, பாஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் மகள் பிரசவத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் எடுத்துப் போன அம்மாக்களை எனக்குத் தெரியும். கணவர் நைட் ஷிப்டு போனபோது தனியாக வீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். மாற்றல் வந்தபோதெல்லாம் பாத்திரம் பண்டம் கட்டியவர்கள், தீபாவளி அன்றும் கணவரை டியூட்டிக்கு அனுப்பியவர்கள். அந்த ஒரு செட் பாஸ் அவர்களுக்கு யாரோ இரங்கித் தருவது அல்ல. கணவரின் சர்வீஸில் சம்பாதித்தது, அதில் இவர்களின் பங்கும் இருக்கிறது.

அம்மாவுக்கு 65 ஆனபின், தனியாகப் போகும்போது துணையாள் வசதியை விதவைப் பாஸிலும் கேட்கலாம். அப்போது நீங்கள் அவரோடு ஒரே பெட்டியில் போக முடியும். கல்யாணமாகாத தங்கை இருந்தால் அவரையும் குடும்ப உறுப்பினராக இந்தப் பாஸில் சேர்க்கலாம். அம்மாவுக்குப் பிறகு இந்தப் பாஸ் யாருக்கும் தொடராது.

பெர்சனல் ஆபீஸில் எதற்காவது "முடியாது" என்று வாயால் சொன்னால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். மரியாதையாக, ஆனால் எழுத்தில். விண்ணப்பத்தின் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே நகரவில்லை என்றால் ஓய்வூதியர் குறைகளைக் கேட்கும் பென்ஷன் அதாலத்துக்கு மனு கொடுக்கலாம். அது அவ்வப்போது நடக்கும், மனு கொடுக்கக் கடைசித் தேதியை முன்பே அறிவிப்பார்கள், ஓய்வூதியர் சங்கங்களிலும் தெரியும். பொன்மலையில் ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் அங்கேயே சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கிறார்கள். சங்கத்தில் அப்பாவைச் சேர்த்துவிடுங்கள். விதி மாறும்போதெல்லாம் முதலில் தகவல் வருவது அங்கேதான்.

பெங்களூரிலிருந்து நீங்கள் வரும்போது ஒரு திங்கட்கிழமையாகப் பார்த்து வாருங்கள். வார இறுதியில் வந்தால் காரியம் நடக்காது. அப்பாவையும் அம்மாவையும் சேர்த்தே கூட்டிப் போங்கள், இருவரின் கையெழுத்தும் தேவைப்படும். முதல் வேலை அப்பாவின் செல்பேசி எண்ணைத் திருத்துவது, இரண்டாவது அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும், மூன்றாவது 1987 விருப்பப் பதிவு. காசிப் பாஸை அன்று மாலை வீட்டுக்கு வந்து நீங்களே போட்டுவிடலாம்.